வீட்டுக்கு வந்தால் கண் திறக்காத லேப்டாப்

என் வீட்டுக்காரர் ரிக் வண்டி ஓட்டுகிறவர். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடக் கிளம்பிப் போகும் அந்தப் பெரிய லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை கிளம்பினால் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் திரும்புவார். எங்கள் கல்யாண வாழ்க்கையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்னோடு இருந்ததைவிட அந்த வண்டியோடு அவர் இருந்ததுதான் அதிகம். அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் வீட்டில் இருக்கிற கொஞ்ச நாளில் அதைக் காட்டி வீணாக்க மனசு வராது. அவர் கிளம்பிய பிறகு பாத்திரங்களிடம் காட்டிக்கொள்வேன்.

சாமியைத் தொடாமல் எந்த இயந்திரத்தையும் தொட மாட்டார். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், இவருக்குக் கொஞ்சம் தூக்கல். வண்டியின் டேஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். கட்டைவிரல் உயரம்தான். பள்ளத்தில் வண்டி குதித்தாலும் விழாமல் இருக்க அடியில் காந்தம் வைத்தது. தொட்டுத் தொட்டுத் தும்பிக்கை மட்டும் பளபளவென்று இருக்கும், மற்ற இடமெல்லாம் கறுத்துப்போயிருக்கும். அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நான் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் வண்டியை நகர்த்த மாட்டார். ஒருமுறை எங்களுக்குள் ஏதோ சண்டை. நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அவரும் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்கப் புகை. கடைசியில் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் வெளியே வந்து, தறியில் ஏற்றின பாவு நூலில் கரி படிகிறது, தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள் என்று என்னிடம் கெஞ்சினார். தறிக்காரருக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

லேப்டாப் கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் பி.காம். முடித்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வகுப்புக்கும் போனவள். பிறகு வீடு, மகள், மாமியார் வைத்தியம் என்று அது அப்படியே நின்றுபோனது. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே உள்ள எங்கள் வீட்டில் நானும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும்தான் மிச்சம். அந்த நேரத்தில்தான் தூரத்துச் சொந்தத்தில் ஒரு அக்கா கூப்பிட்டார். ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். முட்டை லாரி பில், தீவனக் கொள்முதல், ஜிஎஸ்டி எல்லாம் வீட்டிலிருந்தே போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

"வர்ற திங்கக்கெழமை காத்தால பில்லு அனுப்பியுடறேன் கண்ணு. லேப்டாப் மட்டும் தயாரா இருக்கோணும். இல்லீன்னா சொல்லிப்போடு, நாமக்கல்லுல ஒரு புள்ள கேட்டுக்கிட்டே இருக்குது" என்றார்.

அன்றைக்கு என் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அப்போது ஊருக்கு வந்திருந்த வீட்டுக்காரர் அதைச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களை மாம்பழம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். இவர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார், காதில் வைத்து மின்விசிறிச் சத்தம் கேட்டார், மூடியைத் திறந்து திறந்து மூடினார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இயந்திரம் வாங்குகிறவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும். கடைசியில் கறுப்பாக, கனமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடையில் அது கண்ணாடி மாதிரி ஓடியது.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் புதுவேலை தொடங்குவதா என்று வீட்டில் அதைத் திறக்கவே விடவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, நாளைக்குத் திற என்றார். அவர் கிளம்புவதும் அதே புதன்தான். புதனில் வடக்கே சூலம், அதற்குப் பரிகாரமாக ஒரு டம்ளர் பாலைக் குடித்துக்கொண்டார். ஆளுக்கு ஏற்ற மாதிரி நாள் பார்ப்பதில் அவரை மிஞ்ச முடியாது.

புதன்கிழமை விடிந்ததும், வாசலில் நின்ற வண்டியில் ஏறப் போனவர் திரும்பி உள்ளே வந்தார். கையில் அந்தப் பிள்ளையார். லேப்டாப்பை விரித்து, எங்கே வைக்கலாம் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிளாஸ்டிக் உடம்பு, எல்லா இடத்திலும் வழுக்கியது. கை வைக்கிற பகுதியில் இடது ஓரமாக ஒரே ஒரு இடத்தில் மட்டும் லபக்கென்று பிடித்துக்கொண்டது.

"பாரு, அவரே எடம் புடிச்சுக்கிட்டாரு" என்று சந்தோஷப்பட்டார். "இவரத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் பட்டன அமுத்தோணும். மறந்துராத அம்மணி."

நான் வாசலுக்குப் போய் "போயிட்டு வாங்க" என்றேன். வண்டி போனது. கை கழுவிவிட்டு வந்து, பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டு, பட்டனை அழுத்தினேன்.

விளக்கு எரிந்தது. உள்ளே மின்விசிறி உறுமியது. திரை மட்டும் அமாவாசையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சின்ன விளக்கு மட்டும் தூங்குகிறவனின் மூச்சு மாதிரி மெல்ல எரிவதும் அணைவதுமாக இருந்தது. மகளைக் கூப்பிட்டேன். பட்டனை அழுத்தியதும் எஃப் டூ-வைத் தட்டிக்கொண்டே இரு, செட்டப் என்று ஒரு பக்கம் வரும் என்றாள். தட்டினேன். எஃப் ட்வெல்வ் என்றாள், டெலிட் என்றாள், பட்டனை விடாமல் பிடித்துக்கொள் என்றாள். தகர டப்பாவில் தட்டியிருந்தாலும் ஒரு பதில் வந்திருக்கும். செட்டப்பும் வரவில்லை, மண்ணும் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். மறுநாள் சூடான காதோடு சேலம் பஸ்ஸில் ஏறினேன். பிள்ளையாரை எடுத்து சாமி அலமாரியில் வைத்துவிட்டு, மூடியை மூடி, பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை. மல்லூர் தாண்டும்போதே நான் ஜெயித்துவிட்டேன். கடையில் அவர் மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினார். திரை சிரித்துக்கொண்டு வந்தது. எஃப் டூ-வைத் தட்டினார், செட்டப்பும் வந்து நின்றது. "ஒண்ணும் பிரச்சினை இல்லையேக்கா" என்றார் பாவம், பணிவாகத்தான். எனக்கு அந்தப் பணிவுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மேசையில் விரித்தேன். சொன்ன சொல் தவறாமல் பிள்ளையாரை அவர் இடத்தில் உட்கார வைத்து, தொட்டுக் கும்பிட்டு, அழுத்தினேன். அமாவாசை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவரிடமிருந்து போன். வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற இடத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டு வைத்தியம் சொன்னார். கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை என்றால் வீட்டு கரண்ட்தான் காரணம் என்றார். எர்த் சரியில்லாமல் இருக்கும் என்று எலக்ட்ரீஷியனை வரவைத்தேன். எர்த் நன்றாக இருந்தது. அடுத்த போனில், பக்கத்துத் தறி ஓடும்போது கரண்ட் குதிக்கும் என்றார். தறிக்காரர் மனசு நல்ல மனசு, எனக்காகத் தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அப்போதும் வரவில்லை. வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டு, கிழக்கே பார்த்து வை என்றார். மேசையைத் திருப்பினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டு என்றார். மாட்டினேன். கடைசியில் கண்ணேறாக இருக்கும், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு என்றார். பி.காம். படித்த நான் ஒரு லேப்டாப்புக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, தும்மிக்கொண்டே வந்து, பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டுப் பட்டனை அழுத்தினேன். விளக்கு மட்டும் மூச்சு விட்டது.

சனிக்கிழமை மறுபடியும் சேலம். இந்தத் தடவை சண்டை போடும் தெம்பு இல்லை. ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் கொடுத்து, வீட்டில் ஓடுகிற மாதிரி செய்து கொடுங்கள் என்று கேட்டேன். அவர் அடிப்பலகையைக் கழற்றினார், நினைவக அட்டையை உருவித் துடைத்து மாட்டினார், செட்டப்பில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினார். ஒரு தடவைகூட அது அடம்பிடிக்கவில்லை. எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் நிஜமாகவே வருத்தம் வந்தது. ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்துகொண்டு வீட்டில் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது.

வீடு வந்து சேர்ந்தேன். நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டுமா? சாயங்காலம் பண்ணை அக்கா வேறு கூப்பிட்டு, எல்லாம் தயார்தானே என்று கேட்டார். "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. நான் படித்தது எனக்குள்ளேயே ஊசிப்போய்விடவில்லை என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த அந்த ஒன்று, எரிந்து அணைகிற ஒரு குட்டி விளக்கால் நாமக்கல்லில் இருக்கிற யாரோ ஒரு பெண்ணுக்குப் போகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விளக்கேற்றினேன். பிள்ளையாருக்கு ஒரு செம்பருத்தி வைத்தேன். அழுத்தினேன். எஃப் டூ, எஃப் டூ, எஃப் டூ. ஒன்றும் இல்லை.

அப்போதுதான் என் பொறுமை அறுந்தது. திட்டக் கடைக்காரர் எதிரில் இல்லை. வீட்டுக்காரர் எங்கேயோ மத்தியப் பிரதேசத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு முன்னால் இருந்தது பிள்ளையார் ஒருவர்தான். செம்பருத்தியோடு சேர்த்து அவரைப் பிடுங்கி எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"உன்னைய நம்பித்தான உக்கார வெச்சாரு. நல்லா உக்காந்துட்டு வேடிக்க பாக்கற" என்று ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் திட்ட முடியவில்லை. திரை வெளிச்சமாகிவிட்டது.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். தெய்வத்தைத் திட்டியதும் வேலை நடந்துவிட்டதே என்ற பயம். அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னித்துக்கொள்ளப்பா என்று சொல்லி அவரைப் பழைய இடத்தில் உட்கார வைத்தேன். திரை இருண்டது. எடுத்தேன், வெளிச்சம். வைத்தேன், இருட்டு. எடுத்தேன், வைத்தேன். ஒரு கட்டத்தில் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி லேப்டாப்பைத் தாராளமாக வாங்கிக் கொடுத்துவிட்டார், சாமிதான் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். காந்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் சிரிக்க ஆரம்பித்தவர் சீக்கிரம் நிறுத்தவில்லை. லேப்டாப் மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்குமாம். மூடியை மூடினால் அந்தக் காந்தம் கீழே இருக்கிற ஒரு கருவிக்கு நேராக வரும். உடனே, என்னை மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் திரையை அணைத்துவிட்டு, விசைகளையும் கண்டுகொள்ளாமல் படுத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளையார் இரும்பைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தது அந்தக் கருவியை ஒட்டிய தகட்டின் மேல். நான் விரியத் திறந்து வைத்துவிட்டு எஃப் டூ எஃப் டூ என்று தட்டிக்கொண்டிருக்க, அது தன்னை யாரோ மூடி வைத்திருப்பதாக நினைத்துத் தூங்கியிருக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் மூடியை மூட வேண்டுமே என்று பிள்ளையாரை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அதனால் அங்கே ஓடியது. சாமியைத் தொடாமல் பட்டனைத் தொடாத வீடு, அதனால் இங்கே ஓடவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவரைக் கும்பிடாமல் அதை முடுக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. லாரிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் புத்தி அப்படித்தான் ஓடும்.

மத்தியானம் அவர் வீடியோவில் வந்தார். வண்டி ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் நின்றது, அவர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையாரை எடுப்பதும் வைப்பதுமாகச் செய்து காட்டினேன். முதலில் நம்பவில்லை. பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து எழும்போது போன் கொஞ்சம் சாய்ந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே டேஷ்போர்டு தெரிந்தது. சுற்றிலும் தூசி. நடுவில் ஒரு இடம் மட்டும் வட்டமாக, சுத்தமாக, காலியாக இருந்தது.

அது வரைக்கும் நான் அதை நினைக்கவே இல்லை. எனக்கு ஒரு பிள்ளையார் வந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் வண்டியில் ஒருவர் இல்லாமல் போனார் என்று தோன்றவில்லை. எத்தனை வருஷம் தொட்டுத் தொட்டுப் பளபளப்பாக்கின தும்பிக்கை. அதைத் தொடாமல் எப்படிச் சாவியைத் திருப்பினார் இத்தனை தூரம்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்தால் எனக்குக் கோபமாகத்தான் பேச வரும்.

"எனக்கு இந்தப் பொட்டி ஓடாட்டிப் போவுதுங்க. நீங்க போற வண்டி ஓடோணும். அடுத்த வாரம் போருக்குப் பைப் ஏத்திக்கிட்டு லாரி உங்க பக்கம் வருதில்ல, அதுல இவரக் குடுத்துத் தாட்டி உடறேன்."

அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வேண்டா அம்மணி. வண்டியில எங்கூட ஆளுக இருக்கறாங்க. ஊட்ல நீ ஒருத்திதான இருக்கற. அவரு அங்கயே இருக்கட்டும்."

லேப்டாப்புக்குக் காவலாகத்தான் வைத்துவிட்டுப் போனார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

மேசைக்கு எதிரில் இரும்பு பீரோ நின்றது. லேப்டாப்பிலிருந்து எட்டியே இருந்தது. நான் உட்கார்ந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி பார்த்து, அதன் கதவில் பிள்ளையாரை ஒட்டினேன். இரும்பைக் கண்டதும் அவரும் சௌகரியமாகப் பிடித்துக்கொண்டார். லேப்டாப்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எந்த வம்பும் பண்ணவில்லை.

திங்கட்கிழமை காலையில் பண்ணை அக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனாலும் இளம்பிள்ளை ஊர்க் கடையில் எடுத்த நல்ல சேலையைக் கட்டியிருந்தேன். பீரோவைப் பார்த்துக் கும்பிட்டேன். பட்டனில் விரல் வைக்கப் போகும்போது போன் அடித்தது. வீடியோவில் அவர்தான். இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போல, பின்னால் வெட்டவெளியும் வண்டியும் தெரிந்தன. கம்ப்ரஸர் சத்தம் பெரிதாக இருந்ததால் கையைக் காட்டி யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னார். நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போயிட்டு வா அம்மணி" என்றார்.

எங்கே போகிறேன், வீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மொத நாளு வேலைக்குப் போறவளுக்கு ஊட்லயிருந்து யாராச்சும் சொல்லோணுமில்ல."

கம்ப்ரஸரை நிறுத்தி வைத்துவிட்டு அத்தனை பேரும் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. போனை பீரோ பக்கம் சாய்த்து வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.